பன்னிரண்டரை ரன்

17க்கு 13. 2025ஆம் ஆண்டு அமெரிக்கன் லீகின் எம்விபி விருதுக்கு, அதாவது பருவத்தின் மிக மதிப்புள்ள வீரர் விருதுக்கு, ஓட்டுப் போட்ட நிருபர்கள் 30 பேர். அதில் 17 பேர் நியூ யார்க் யாங்கீஸின் ஏரன் ஜட்ஜை முதலிடத்தில் எழுதினார்கள். 13 பேர் சியாட்டில் மரினர்ஸின் கேல் ராலியை எழுதினார்கள். முதலிடத்துக்கு 14 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 9 என்று போகும் கணக்கில் கடைசியாக வந்தது 355க்கு 335. கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும்: ஓட்டுப் போட்ட ஒருவர்கூட இந்த இருவரைத் தவிர வேறு யாரையும் முதல் இரண்டு இடங்களில் வைக்கவில்லை. இரண்டு பேர் மனம் மாறியிருந்தால் சமன். மூன்று பேர் மாறியிருந்தால் விருது சியாட்டிலுக்குப் போயிருக்கும்.

அந்த 17 பேரும் தப்பு செய்துவிட்டார்கள் என்பது என் கட்சி. அவர்கள் முட்டாள்கள் என்று சொல்லவில்லை. நான் எந்தக் காரணத்துக்காகப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஊரெல்லாம் சண்டை போட்டேனோ, அதே காரணத்துக்காகத்தான் அவர்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதவேண்டி இருக்கிறது.

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தை முழுசாக வைத்துவிடுகிறேன். ஜட்ஜின் சராசரி .331, பேஸ்பால் முழுவதிலும் அந்த வருஷம் அதுதான் முதலிடம். 53 ஹோம் ரன். ஆறடி ஏழு அங்குல ராட்சதன், பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புவதைத் தொழிலாகக் கொண்டவன், சராசரியிலும் லீகை ஜெயிப்பது சாதாரண விஷயமில்லை. எதிரணிப் பயிற்சியாளர்கள் வம்பே வேண்டாம் என்று அவரை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள். மைதானத்தின் அளவு, லீகின் நிலவரம் எல்லாவற்றையும் சமன்செய்து, சராசரி மட்டையாளரை 100 என்று வைக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் ஜட்ஜ் 204. ராலி 161. மட்டையை மட்டும் வைத்துப் பேசினால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும்.

இனி ராலி. 60 ஹோம் ரன். அமெரிக்கன் லீக் வரலாற்றில் அவருக்கு முன்பு அந்த எண்ணைத் தொட்டவர்கள் மூவர்தான்: 1927இல் பேப் ரூத், 1961இல் ராஜர் மாரிஸ், 2022இல் இதே ஜட்ஜ். கேட்சராக விளையாடுபவர் ஒரு பருவத்தில் அடித்த அதிகபட்சம் அதுவரை 48, சால்வடோர் பெரஸ் 2021இல் அடித்தது. இடது வலது இரண்டு பக்கமும் நின்று அடிப்பவர்களில் அதிகபட்சம் 54, மிக்கி மேன்டல் 1961இல். இரண்டையும் ராலி ஒரே வருஷத்தில் தாண்டினார். 159 ஆட்டங்கள் விளையாடினார். அதில் ஏறத்தாழ 120 ஆட்டங்களில் கேட்சராகக் குந்தியிருந்தார்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குக் கேட்சர் என்றால் விக்கெட் கீப்பர். பாதி சரி. கீப்பர் வேகப்பந்துக்குப் பத்துப் பதினைந்து கஜம் பின்னால் நிற்கிறார். கேட்சர் மட்டையாளரின் காலடியில் குந்துகிறார். மணிக்கு 95 மைல், 100 மைல் வேகத்தில் வரும் பந்து. நடுவில் ஒருவன் மட்டையைச் சுழற்றுகிறான். மட்டையின் ஓரத்தில் உரசித் திசைமாறும் பந்து முகக்கவசத்திலோ தோளிலோ தொண்டைக்குழியிலோ வந்து அடிக்கும். ஒரு ஆட்டத்தில் ஏறக்குறைய 150 பந்துகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால், எந்தப் பந்து, எந்த மூலையில் என்று பந்துவீச்சாளருக்குச் சொல்லவேண்டியது பெரும்பாலும் இவர்தான். ஒரு பருவத்தில் 15,000 தடவைக்கும் மேல் குந்தி எழுகிற மனிதன், நடுநடுவே எழுந்துபோய் 60 ஹோம் ரன் அடித்துவிட்டு வந்திருக்கிறார். நம் வீட்டில் அரைமணி நேரம் குந்தி உட்கார்ந்து தேங்காய் துருவிப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்கவேண்டியதில்லை.

ஆனால் "பாவம், கஷ்டமான வேலை" என்பது வாதமில்லை. கஷ்டத்துக்கு விருது கிடையாது, மதிப்புக்குத்தான். அந்த மதிப்பை அளக்க ஒரு எண் இருக்கிறது. நான் சண்டை போட வந்தது அதோடுதான்.

அந்த எண்ணின் பெயர் வார். ஒரு வீரர் விளையாடாமல், அவருக்குப் பதிலாகக் கீழ் லீகிலிருந்து குறைந்த சம்பளத்துக்கு யாரோ ஒருவரைப் பிடித்துப் போட்டிருந்தால் அணி எத்தனை ஆட்டங்கள் குறைவாக ஜெயித்திருக்கும் என்பதன் மதிப்பீடு. அடித்தது, ஓடியது, தடுத்தது எல்லாவற்றையும் ரன்னாக மாற்றி, கிட்டத்தட்ட பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்று வகுத்துக் கொடுக்கிறார்கள். இதைத் தனித்தனியாகக் கணக்கிடும் தளங்களில் முக்கியமானவை இரண்டு: ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் ரெஃபரன்ஸ். 2025இல் ஃபேன்கிராஃப்ஸ் கணக்கில் ஜட்ஜுக்கு 10ஐச் சற்றுத் தாண்டியும் ராலிக்கு 9ஐச் சற்றுத் தாண்டியும் வந்தது. இடைவெளி ஒரு வெற்றி. பேஸ்பால் ரெஃபரன்ஸ் கணக்கில் இடைவெளி இரண்டு வெற்றிக்கும் மேல். ஒரே மனிதன், ஒரே பருவம், ஒரே 60 ஹோம் ரன். இரண்டு கணக்குப்பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு வெற்றிக்கு மேல் வித்தியாசம்.

ஏன்? ஒரு முக்கியக் காரணம் ஃபிரேமிங். ஸ்ட்ரைக் எல்லையின் ஓரத்தில், ஒரு விரற்கடை வெளியே வரும் பந்தைக் கேட்சர் எப்படி வாங்குகிறார் என்பதைப் பொறுத்து அம்பயர் அதை ஸ்ட்ரைக் என்றும் சொல்லலாம், பால் என்றும் சொல்லலாம். நல்ல கேட்சரின் கையுறை ஆடாது. பந்து அங்கேதான் வர இருந்தது என்பதுபோல அமைதியாக வாங்கிக்கொள்வார். அப்படி ஒரு பந்தை மாற்றினால் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ரன் லாபம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் 15,000 பந்துகளில் சின்ன விஷயம் சின்னதாகவே இருப்பதில்லை. ஃபேன்கிராஃப்ஸ் இதைத் தன் எண்ணில் சேர்க்கிறது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் சேர்ப்பதில்லை. ஆக, ஜட்ஜுக்கு ஆதரவாக அந்த இரண்டாவது எண்ணை எடுத்துக்கொண்டு வருகிறவர் என்ன சொல்கிறார்? கேட்சர் செய்யும் வேலையில் ஒரு பெரிய பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை வைத்துப் பார்த்தால் கேட்சர் பின்தங்கி இருக்கிறார் என்கிறார். நல்ல கதையாக இருக்கிறதே!

சரி, ஃபிரேமிங்கைச் சேர்த்த எண்ணையே எடுப்போம். அங்கே இன்னொரு சங்கதி. வலது களத்தில் நின்று பந்து பிடிப்பதும் கேட்சராகக் குந்துவதும் ஒன்றல்ல என்பதால் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு ஈட்டுத்தொகை வைத்திருக்கிறார்கள். முழுப் பருவத்துக்குக் கேட்சருக்கு 12.5 ரன் கூட்டல். ஷார்ட்ஸ்டாப்புக்கு 7.5. ஜட்ஜ் விளையாடும் வலது களத்துக்கு 7.5 கழித்தல். களத்தில் இறங்காமல் மட்டை மட்டும் பிடிக்கும் டிஹெச் என்றால் 17.5 கழித்தல்.

இந்த 12.5ஐ முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு, ஹார்ட்கோட் செய்த எண். ஆயிரக்கணக்கான வரி அழகான நிரல். எல்லாம் தரவிலிருந்து வருகிறது. நடுவில் எங்கோ ஓர் ஓரத்தில் யாரோ கையால் எழுதி வைத்த ஒரு மாறிலி. அதைத் தொட்டால் எல்லாமே நகரும். இந்த ஈட்டுத்தொகைகளுக்குப் பின்னால் இருக்கும் முறை நியாயமானதுதான்: ஒரே ஆள் இரண்டு இடங்களில் விளையாடும்போது எங்கே நன்றாகச் செய்கிறார், எங்கே திணறுகிறார் என்று பார்த்து, இடங்களின் சிரமத்தை ஒப்பிடுவது. ஷார்ட்ஸ்டாப் ஒருவர் இரண்டாம் பேஸுக்கு மாறுவார், நடுக்களத்துக்காரர் ஓரத்துக்குப் போவார், ஒப்பிடலாம். கேட்சர்? அவர் எங்கே போவார்? முழங்கால் போனபிறகு முதல் பேஸுக்குப் போவார். வேறு இடத்திலிருந்து கேட்சராக வந்து உட்காருகிறவர் அபூர்வம். ஒப்பிட ஆளில்லாத இடத்தில் ஒப்பீட்டு முறை தள்ளாடும். அப்போது தரவோடு கொஞ்சம் பொதுப்புத்தியையும் கலந்துதான் ஓர் எண்ணில் வந்து நிற்கவேண்டும். நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் அது 12.5 இல்லாமல் 20 ஆக இருந்தால்? ராலி கேட்சராக இருந்த ஆட்டங்களுக்கு மட்டும் ஐந்தாறு ரன் கூடும். அரை வெற்றிக்கு மேல். இடைவெளியே ஒரு வெற்றிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

இதோடு விடவில்லை. கேட்சராக இல்லாத நாள்களில் ராலி வீட்டில் உட்காரவில்லை. மற்ற அணிகளின் கேட்சர்கள் பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருக்கும் நாள்களில் இவர் டிஹெச்சாக மட்டை பிடித்தார். சூத்திரம் அந்த நாள்களில் இவரை டிஹெச் என்றே பார்க்கிறது, 17.5 விகிதத்தில் கழிக்கிறது. அதாவது வாரில் இரண்டு ராலி இருக்கிறார்கள், ஒருவர் கேட்சர், இன்னொருவர் சொகுசாக மட்டை மட்டும் பிடிப்பவர். நேற்றும் முந்தாநாளும் குந்தி எழுந்த முழங்கால்தான் இன்று மட்டை பிடிக்கிறது என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. தெரியவைக்க வழியில்லை என்பார்கள். சரிதான். அளக்க வழியில்லாததை பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போவதுதான் என் புகார். எது தெரியாதோ அதைப் பூஜ்யம் என்று எழுதுவதும் ஒரு மதிப்பீடுதான், அதுவும் பெரும்பாலும் தப்பான மதிப்பீடு.

பந்துவீச்சாளரை வழிநடத்துவது இன்னும் மோசம். எந்தப் பந்தைக் கேட்பது, பதறும் இளைஞனை எப்போது போய்த் தட்டிக்கொடுப்பது, மூன்றாவது முறை அதே மட்டையாளர் வரும்போது என்ன மாற்றுவது. இதையெல்லாம் இந்த எண்கள் சரியாகப் பிடிப்பதில்லை. மதிப்பு உண்டு என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். அணிகள் அதற்காகவே கிழட்டுக் கேட்சர்களுக்குச் சம்பளம் கொடுக்கின்றன. கணக்கில் மட்டும் அது சரியாக ஏறுவதில்லை.

இந்த இடத்தில் யாராவது "2012இல் நீ என்ன சொன்னாய்?" என்று கேட்கவேண்டும். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

2012 இந்தத் தலைமுறையின் பெரிய சண்டை. டெட்ராய்ட் டைகர்ஸின் மிகேல் கப்ரேரா .330, 44 ஹோம் ரன், 139 ஆர்பிஐ. மூன்றிலும் லீகில் முதலிடம். இதை டிரிபிள் கிரவுன் என்பார்கள். 1967இல் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்குப் பிறகு 45 வருஷமாக யாரும் செய்யாதது. எதிரே லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸின் மைக் ட்ரௌட், பருவம் தொடங்கும்போது வயது 20. .326, 30 ஹோம் ரன், 49 திருட்டு பேஸ், 129 ரன், மைதானத்தின் மிகக் கடினமான இடங்களில் ஒன்றான நடுக்களத்தில் பறந்து பறந்து தடுப்பு. கப்ரேராவோ பிரின்ஸ் ஃபீல்டருக்கு இடம்விட்டு மூன்றாம் பேஸுக்கு மாறி, அங்கே சுமாராகச் சமாளித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் 28 தடவை இரட்டை அவுட்டுக்குக் காரணமாக இருந்தார். வாரில் ட்ரௌட் மூன்று வெற்றி முன்னால். நிருபர்கள் 28 பேரில் 22 பேர் கப்ரேராவுக்குப் போட்டார்கள். டைகர்ஸ் பிளேஆஃபுக்குப் போனது, ஏஞ்சல்ஸ் போகவில்லை என்றும் ஒரு காரணம் சொன்னார்கள். ஏஞ்சல்ஸ் 89 ஆட்டம் ஜெயித்தது, டைகர்ஸ் 88. எந்தப் பிரிவில் இருக்கிறாய் என்பதுதான் வித்தியாசம். ட்ரௌட்டைக் கீழ் லீகிலிருந்து கூப்பிட்டபோது ஏஞ்சல்ஸ் 6 வெற்றி, 14 தோல்வியில் கிடந்தது என்பதையும் யாரும் பேசவில்லை.

நான் பேசினேன். அப்போதுதான் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பேஸ்பால் ஆட்டத்தை ஒழுங்காக ஒன்றுகூடப் பார்த்திராத நாட்களிலேயே அதன் கணக்குகளைப் படித்துக் கிறங்கிப்போயிருந்தேன். ட்ரௌட்டுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று, பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத அறைத்தோழர்களிடம் இரவு ஒரு மணி வரை வாதாடியிருக்கிறேன். ஒருத்தன் பாவம், "அந்த ட்ரௌட் உனக்கு சொந்தமாடா?" என்று கேட்டான்.

இன்றும் அந்த வாதத்திலிருந்து ஓர் அங்குலம் பின்வாங்கவில்லை. ஆனால் அன்று நான் சொன்னது "வார் அதிகம், அதனால் ட்ரௌட்" என்பதல்ல. அப்படித்தான் சொன்னேன் என்று நானே பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன், அது வேறு. உண்மையான வாதம் இது: ஹோம் ரன், ஆர்பிஐ, சராசரி என்ற மூன்று பழைய எண்கள் ஓட்டத்தையும் தடுப்பையும் பார்ப்பதில்லை, பார்க்காததைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டு டிரிபிள் கிரவுன் என்று கிரீடம் சூட்டுகிறார்கள். வார் அந்த ஓட்டையைக் காட்டியது. எண் தன் வேலையைச் செய்தது. 2025இல் நான் கேட்பதும் அதே கேள்விதான்: கையில் இருக்கும் எண் எதைப் பார்க்கவில்லை? மூன்று வெற்றி இடைவெளி இருந்தபோது எண்ணை நம்பச் சொன்னேன். ஒரு வெற்றி இடைவெளியில், அதுவும் எண் குருடாக இருக்கும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர் விஷயத்தில், கண்ணைத் திறக்கச் சொல்கிறேன். வாரைச் செய்தவர்களே தசமப்புள்ளிக்கு அடித்துக்கொள்ளாதீர்கள், அது தோராயம் என்றுதான் சொல்லிவருகிறார்கள். கேட்பாரில்லை.

இந்தக் கணக்கியலுக்கெல்லாம் பிதாமகர் பில் ஜேம்ஸ். 2017இல் ஹூஸ்டனின் ஹோசே ஆல்டுவேயா, அப்போது புதுமுகமான ஜட்ஜா என்ற சண்டை வந்தபோது, வார் இருவரையும் ஏறக்குறைய சமமாகக் காட்டுவதே பிழை, ரன்னை வெற்றியாக மாற்றும் இடத்தில் அது கோட்டைவிடுகிறது என்று அவரே எழுதினார். அவர் வாதத்தில் எனக்கு முழுச் சம்மதம் கிடையாது. விருது ஆல்டுவேக்குப் போனது. பிறகு, அந்த வருஷம் ஹூஸ்டன் அணி கேமரா வைத்து எதிரணியின் சைகைகளைத் திருடிக் குப்பைத்தொட்டியைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே வந்தபோது, அந்த ஓட்டுகளெல்லாம் வேறு வாசனை வீசின. ஆல்டுவே அதில் பெரிதாகச் சேரவில்லை என்று சக வீரர்கள் சொன்னார்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜட்ஜ் மேல் எனக்கு ஒரு வன்மமும் இல்லை. 2017இல் அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

என் கட்சிக்காரர்களிடமும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ராலிக்காகப் பேசிய பலரின் வாதங்களைக் கேட்டால் எனக்கே ஜட்ஜ் பக்கம் போய்விடலாமா என்று தோன்றும். "60 என்றால் 60தான்" என்பது ஒன்று. 58 அடித்திருந்தால் அவர் மதிப்பு குறைந்துவிடுமா? முழு எண்ணைக் கண்டு புல்லரிப்பது சச்சினின் 99க்கு அழுத நம்முடைய வியாதி, அவர்களுக்கும் இருக்கிறது. "ஜட்ஜ்தான் ஏற்கெனவே இரண்டு வாங்கிவிட்டாரே" என்பது இன்னொன்று. இதென்ன கோயில் பிரசாதமா, வரிசையில் முன்னால் வாங்கியவருக்குத் திரும்பக் கிடையாது என்பதற்கு? ராலியின் 125 ஆர்பிஐயைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்ப்பதேயில்லை. முன்னால் பேஸில் ஆள் நின்றால்தான் ஆர்பிஐ. 1987இல் கடைசி இடத்தில் கிடந்த சிகாகோ கப்ஸின் ஆண்ட்ரே டாசனுக்கு எம்விபி கொடுக்கவைத்தது 49 ஹோம் ரன்னும் 137 ஆர்பிஐயும்தான். அந்த ஓட்டை இன்று யாரும் மார்தட்டிச் சொல்வதில்லை.

கேட்சர் என்பதற்காகவே கொடுத்துவிடவும் முடியாது. 1999ஐ மறந்துவிட்டு நான் பேசினால் அது மோசடி. பாஸ்டனின் பெட்ரோ மார்டினெஸ் 23 வெற்றி, 4 தோல்வி, சராசரி 2.07, 313 ஸ்ட்ரைக் அவுட். அதுவும் எல்லோரும் ஹோம் ரன்னாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில். முதலிட ஓட்டுகளும் அவருக்குத்தான் அதிகம். இரண்டு நிருபர்கள் அவர் பெயரைத் தங்கள் பத்துப் பேர் பட்டியலிலேயே எழுதவில்லை. பந்துவீச்சாளர்களுக்கு வேறு விருது இருக்கிறதாம். 13 புள்ளியில் விருது போனது யாருக்கு? ஐவன் ரொட்ரிகஸ் என்ற கேட்சருக்கு. அருமையான கேட்சர். ஆனால் அந்த வருஷத்து ஓட்டு அசிங்கம்.

அசிங்கத்துக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. டெட் வில்லியம்ஸ் 1942இல் டிரிபிள் கிரவுன் வாங்கினார். எம்விபி யாங்கீஸின் ஜோ கோர்டனுக்கு. அந்த வருஷம் லீகிலேயே அதிகமாக ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் கோர்டன். 1947இல் வில்லியம்ஸ் மறுபடி டிரிபிள் கிரவுன். எம்விபி ஜோ டிமாஜியோவுக்கு, 202க்கு 201. ஒரே ஒரு புள்ளி. ஒரு நிருபர் வில்லியம்ஸைத் தன் பட்டியலில் சேர்க்கவே இல்லை. நிருபர்களுக்கு அவரைப் பிடிக்காது, அவருக்கும் அவர்களைப் பிடிக்காது. எண்கள் வந்து இந்த மாதிரி ஆட்களின் கையைக் கட்டிப்போட்டது எவ்வளவு பெரிய நன்மை என்று எனக்குத் தெரியும். 2010இல் 13 வெற்றி, 12 தோல்வி மட்டுமே வைத்திருந்த ஃபெலிக்ஸ் எர்னான்டஸுக்குச் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது கிடைத்தபோது நான் துள்ளினேன். அவர் அணி 101 ஆட்டம் தோற்றது அவர் குற்றமா?

ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. 1950களில், கணினியும் வாரும் இல்லாத காலத்தில், அந்த அரைகுறை நிருபர்கள் யோகி பெர்ராவுக்கு மூன்று முறையும் ராய் கம்பனெல்லாவுக்கு மூன்று முறையும் எம்விபி கொடுத்தார்கள். 1951இலும் 1955இலும் இரண்டு லீகிலும் கேட்சர்களுக்கே. 1970லும் 1972லும் ஜானி பெஞ்ச். அதற்குப் பின் இந்த ஐம்பத்துச் சொச்சம் வருஷங்களில் நான்கே கேட்சர்கள்: மன்சன், ரொட்ரிகஸ், மௌவர், போஸி. 2012க்குப் பிறகு ஒருவரும் இல்லை. பெர்ரா வாங்கியதில் சிலவற்றை இன்றைய கணக்கில் பார்த்தால் மேன்டலுக்குத்தான் கொடுத்திருக்கவேண்டும்; ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆட்கள் தினமும் மைதானத்தில் உட்கார்ந்து, குந்தியிருப்பவன் என்ன செய்கிறான் என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மிகையாக மதித்திருக்கலாம். நாம் குறைவாக மதிக்கிறோம் என்பதற்கு அது பதிலாகாது.

சென்னையில் என் முதல் வேலையில் ஒரு அண்ணன் இருந்தார். குழுவில் யார் நிரல் எழுதினாலும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும். ராத்திரி சர்வர் விழுந்தால் முதல் அழைப்பு அவருக்கு. புதிதாக வந்தவன் எழுதிய குப்பையை உட்கார்ந்து கிளறி, "தம்பி, இங்க பாரு" என்று காட்டிக்கொடுப்பார். வருஷக்கடைசியில் அப்ரைசல். முடித்த டிக்கெட் எண்ணிக்கை திரையில் வந்தது. அவருடையது குழுவிலேயே குறைவு. பெல் கர்வ் என்று ஒன்று உண்டு, யாராவது ஒருவர் அடியில் கிடந்தே ஆகவேண்டும். அவரைப் போட்டார்கள். மேலே போட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? நான் அந்த வருஷம் நிறைய டிக்கெட் முடித்திருந்தேன். அவர் திருத்திக் கொடுத்ததால் முடித்திருந்தேன். உயர்வுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். எண் பொய் சொல்லவில்லையே, நான் முடித்தது முடித்ததுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அடுத்த வருஷம் வேறு இடம் போனார். ட்ரௌட்டுக்காக இரவு ஒரு மணி வரை கத்தியவனும் நான்தான்.

பேஸ்பாலிலும் இது இனி வெறும் வாய்ச்சண்டை இல்லை. 2022இல் அணி முதலாளிகளும் வீரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் 5 கோடி டாலர் போனஸ் நிதி ஒன்று உண்டு. சம்பளம் பேரம்பேசும் தகுதிக்கு இன்னும் வராத, குறைந்த சம்பளத்தில் இருக்கும் இளம் வீரர்களுக்கானது. எம்விபி அல்லது சை யங் வாங்கினால் 25 லட்சம் டாலர், இரண்டாமிடத்துக்கு 17.5 லட்சம். விருதுகளுக்குப் போக மிச்சத்தை இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு வார் கணக்கின்படி பிரித்துக் கொடுக்கிறார்கள். ராலிக்கோ ஜட்ஜுக்கோ இது பொருந்தாது, அவர்கள் அந்த நிலையைத் தாண்டியவர்கள். நாளைக்கு வரப்போகும் 23 வயதுக் கேட்சருக்குப் பொருந்தும். பொழுதுபோக்காகக் கணக்குப்போட்ட ஆட்கள் ஒரு வாதத்துக்காகக் கண்டுபிடித்த எண் இன்று சம்பளப் பட்டியலில் உட்கார்ந்துவிட்டது. அதில் அந்த 12.5 போன்ற ஒரு கையெழுத்து மாறிலி எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும். அதை ஒருமுறை சரிபாருங்கள் என்று கேட்பவனைக் கணக்குத் தெரியாத கிழவன் என்று ஓரங்கட்டுகிறார்கள்.

ஃபிரேமிங் கலைக்கும் நாள் எண்ணப்படுகிறது. 2026 பருவத்திலிருந்து அம்பயரின் பால், ஸ்ட்ரைக் தீர்ப்பை இயந்திரத்திடம் முறையிடலாம். அணிக்குத் தொடக்கத்தில் இரண்டு முறையீடு. மட்டையாளர் கேட்கலாம், பந்துவீச்சாளர் கேட்கலாம், கேட்சரும் கேட்கலாம். எப்போது கேட்பது, எப்போது விட்டுவிடுவது என்பதும் இனி கேட்சரின் தலையில் விழும் இன்னொரு வேலை. அதை அளப்பதற்கு அளவுகோல் வந்துவிடும், சந்தேகமில்லை.

ஓட்டுச் சீட்டோடு நிருபர்களுக்கு ஒரு குறிப்பும் தருகிறார்கள். மதிப்பு என்றால் என்ன என்பதற்குத் தெளிவான வரையறை எதுவும் இல்லை, ஓட்டுப் போடுகிறவர்தான் தீர்மானிக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1931இலிருந்து பெரிதாக மாறாத குறிப்பு. பலர் அதைக் குறை என்கிறார்கள், வரையறையை எழுதிவிடுங்கள் என்கிறார்கள். எழுதிவிட்டால் அப்புறம் 30 நிருபர் எதற்கு, ஒரு எக்ஸெல் போதாதா?

என் சீட்டு இப்படி இருந்திருக்கும்: ராலி, ஜட்ஜ், கிளீவ்லாண்டின் ஹோசே ராமிரெஸ், கேன்சஸ் சிட்டியின் பாபி விட், டெட்ராய்ட்டின் பந்துவீச்சாளர் டாரிக் ஸ்குபல். ஸ்குபலை ஐந்தாவதாகப் போட்டதற்கு என்னைத் திட்டலாம். பெட்ரோவுக்காக அழுதவன் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.